வெட்டியதும் விரியும் வளையம்

ஆட்டின் பெருந்தமனியிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வளையத்தை நறுக்கி உப்புக்கரைசல் கிண்ணத்தில் இடுங்கள். உள்ளே ரத்தம் இல்லை, அழுத்தம் இல்லை, இழுக்கும் கருவி எதுவும் இல்லை. பார்வைக்கு அது ஓய்ந்து கிடக்கும் திசு. இப்போது நுண்கத்தரியால் ஓரிடத்தில் வெட்டினால் வளையம் மெல்ல வாய் திறந்து பிறைபோல் விரியும். சுமை இல்லாதபோதும் தமனிச் சுவர் தனக்குள் தகைவைத் தேக்கி வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடையாது. இந்த இதழைப் படிக்கும் பலரும் ஆய்வு மாணவராக இருந்த காலத்தில் இதைச் செய்திருப்பீர்கள். பக்கத்தில் நின்று யாரோ ஒருவர் காட்டிக் கொடுத்திருப்பார்.

1983 வாக்கில் இதை எடுத்து எழுதியவர் யுவான்-செங் ஃபங். அதே காலத்தில் வைஷ்ணவ், வொசூகி இருவரும் தனியே இதைக் கண்டார்கள். அதற்கு முந்தைய கணக்குகளில் தமனிச் சுவரின் உட்புறத்தில் மட்டும் தகைவு பெரிதாகக் குவிந்தது. சுமையின்றியும் தேங்கி நிற்கும் இந்த எச்சத் தகைவைச் சேர்த்துக் கணக்கிட்டதும், இயல்பான ரத்த அழுத்தத்தில் சுவர் நெடுகத் தகைவு ஏறக்குறையச் சமமாகப் பரவியது. 1989இல் ஃபங்கும் லியூவும் எலிகளின் பெருந்தமனியை ஒடுக்கி, அழுத்தம் ஏறியபின், வெட்டிய வளையம் வாய் திறக்கும் விரிகோணமும் மாறுவதைக் காட்டினார்கள். தொடக்க நிலை என்று நாம் அசையாமல் பிடித்து வைத்திருந்த ஒன்று, திசு வளர வளர இடம் பெயர்கிறது.

ஃபங்கின் கல்விப் பின்னணியை நம் துறை ஆசிரியர்கள் ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1919இல் சீனாவின் சாங்ஜோவில் பிறந்தவர். கால்டெக்கில் 1948இல் முனைவர் பட்டம் பெற்றார். விமான இறக்கை காற்றில் அதிர்ந்து முறிவது பற்றி 1955இல் அவர் எழுதிய பாடநூல் அந்தத் துறையில் நிலைத்த நூல். 1957–58இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் இருந்தபோது, சீனாவில் அம்மாவுக்குக் கண்ணழுத்த நோய் கடுமையாக வந்தது. மகன் நூலகத்தில் உட்கார்ந்து அந்த நோய் பற்றிய கட்டுரைகளைத் தேடிப் படித்து, மொழிபெயர்த்து, அம்மாவின் அறுவை மருத்துவருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். உடலியல் அவரைப் பற்றிக்கொண்டது அப்படித்தான்.

1966இல், நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு, தனக்குப் பெயர் வாங்கித் தந்த துறையை விட்டு அவர் சான் டியேகோவுக்குப் போனார். நுண்குழாய்களின் ரத்த ஓட்டத்தை ஆராய்ந்த உடலியலாளர் பெஞ்சமின் ஸ்வைஃபாக், மார்கோஸ் இன்டாலியெட்டா இருவருடன் சேர்ந்து அங்கே உயிரிப்பொறியியல் பிரிவைத் தொடங்கினார். மறு ஆண்டே, முயலின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை இழுத்துப் பார்த்த கட்டுரை வந்தது. இழுவிசை ஏற ஏற விறைப்பும் அதற்கு நேர்விகிதத்தில் ஏறுகிறது என்ற அந்த ஒரு கவனிப்பிலிருந்துதான் நாம் இன்றும் பயன்படுத்தும் அடுக்குக்குறிச் சமன்பாடு பிறந்தது. 1985இல் அவரது குழு உயிர்த்திசுக்களுக்கான பொறியியல் மையம் ஒன்றைக் கேட்டு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தது. மையம் கிடைக்கவில்லை, திசுப் பொறியியல் என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1981இல் வெளியான அவருடைய உயிரிவிசையியல் பாடநூலை எத்தனை நாடுகளின் வகுப்பறைகள் சுமந்தன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கீர்ட் ஷ்மிட்-ஷோன்பைன், கசான் கசாப் போன்றவர்கள் அவரிடம் பயின்று, தங்கள் மாணவர்களை உருவாக்கினார்கள். 2019 டிசம்பரில், நூறு வயதில், அவர் மறைந்தார்.

இந்த வரலாற்றில் கற்பித்தலை ஒரு பக்கமும் ஆராய்ச்சியை மறுபக்கமும் பிரித்து வைக்க என்னால் முடியவில்லை. பிரிக்க முடியாததற்குக் காரணம் திசுவிடமே இருக்கிறது.

எஃகுத் துண்டைச் சோதிப்பவருக்குத் தர நூல் போதும். திசுவை இழுப்பவருக்கு அது போதாது. முதல் சுற்று இழுவையின் வளைகோடு ஒன்று, இரண்டாவது வேறு, மூன்றாவது வேறு. திரும்பத் திரும்ப இழுத்துத் தளர்த்திய பிறகுதான் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியத் தொடங்கும். இப்படிப் பழக்குவதைப் பிரீகண்டிஷனிங் என்று கட்டுரையில் ஒற்றை வரியில் எழுதிவிடுகிறோம். எத்தனை சுற்று, எந்த நீட்சி வரை என்று கேட்டால் பாதிப் பேரிடம் பதில் இல்லை. நீட்சியின் எல்லையை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து பழக்க வேண்டும். திசு சற்று உலர்ந்தாலும் விறைப்பு கூடும். விலங்கு அறுக்கப்பட்டு எத்தனை மணி நேரமானது என்பதும் முடிவை மாற்றும். இவை அத்தனையும் கைப்பழக்கமாகவே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகின்றன.

என் ஆய்வகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாணவி மூன்று வாரம் ஆட்டுத் தசைநாண்களை இழுத்துச் சோதித்தார். ஒவ்வொரு வரைபடமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் தளர்ந்தது. திசுவின் நார்கள் அங்கே அறுபடத் தொடங்குகின்றன என்று எழுதச் சொன்னேன். பல ஆண்டுகளாக இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆய்வக உதவியாளர் அருகில் வந்து, “சார், க்ளாம்ப்ல வழுக்குதுங்க. நார் அறுந்தா இந்த இடம் இப்படியா இருக்கும்?” என்று மாதிரியின் முனையைக் காட்டினார். உண்மைதான். தசைநாணின் மேல் மையால் இரண்டு புள்ளி வைத்து கேமராவில் அளந்தபோது, அந்தத் தளர்ச்சி திசுவில் இல்லவே இல்லை. மூன்று வார அளவீடுகளும் போயின. தவறு என்னுடையது, மாணவியின் காலம் வீணானது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அந்த மாணவி இப்போது ஆசிரியர். புதிய மாணவர் யார் வந்தாலும் அவர் முதலில் கற்றுக் கொடுப்பது மைப்புள்ளி வைப்பதைத்தான். பின்னர் வந்த எங்கள் கட்டுரையில் அந்த உதவியாளரின் பெயர் நன்றியுரையில்கூட வரவில்லை என்பதை அச்சான பிறகுதான் கவனித்தேன்.

ஆசிரியர் பணிக்கான நேர்காணல் குழு ஒன்றில் அண்மையில் அமர்ந்திருந்தேன். விண்ணப்பித்தவரின் கட்டுரை எண்ணிக்கை, மேற்கோள் எண்ணிக்கை, கொண்டுவந்த நிதி என்று பேச்சு நீண்டது. அவர் வழிநடத்திய மாணவர்கள் பற்றி எழுதியிருந்த பக்கத்தை யாரும் திருப்பவில்லை. அந்த மாணவர்கள் செய்த அளவீட்டை வேறொருவர் திரும்பச் செய்தால் அதே விடை வருமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், அவருடைய ஆராய்ச்சியின் தரம் முழுவதும் தெரிந்திருக்கும். கேட்க எனக்கு வாய்ப்பு இருந்தது. நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில் நானும் விட்டுவிட்டேன். இனி அமரும் குழுக்களில் விடமாட்டேன். நேர்காணல்களில் அமரும் வாசகர்களையும் இதைக் கேட்கும்படி வேண்டுகிறேன்.

இதழளவில் நாங்கள் செய்யக்கூடியதைச் செய்கிறோம். அடுத்த இதழ் முதல் திசுச் சோதனைக் கட்டுரை அனுப்புவோர், மாதிரி எடுத்த நேரம், வைத்திருந்த கரைசலும் வெப்பநிலையும், பழக்கிய சுற்றுகளின் எண்ணிக்கையும் நீட்சி எல்லையும், கழித்துவிட்ட மாதிரிகளின் எண்ணிக்கையும் காரணமும் ஆகியவற்றைத் தனிப் பக்கத்தில் தர வேண்டும். முதல் சுற்று வளைகோடுகளையும் இணைக்க வேண்டும். சோதனையைக் கையால் செய்தவர் யார், அவருக்கு அதைக் கற்றுக் கொடுத்தவர் யார் என்ற இரண்டு பெயர்களும் அந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆய்வக உதவியாளர் கற்றுக் கொடுத்திருந்தால் அவர் பெயரையே எழுதுங்கள். பதவி எதுவானாலும் அச்சிடுவோம்.