மயிலாப்பூர் வெயிலில் முகம் ஏன் இருண்டுபோகுது? தப்பு போன் மேல மட்டும் இல்லை!

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள். கபாலீஸ்வரர் கோயில் மாட வீதிகளில் அறுபத்துமூவர் உலா. பிற்பகல் வெயில், எங்கு பார்த்தாலும் தலைகள். நாயன்மார் பல்லக்கு நெருங்கும்போது பாட்டி கைகூப்புகிறார். பேரன் சட்டென்று போனை எடுத்து ஒரு கிளிக். வீட்டுக்கு வந்து பார்த்தால் வானம் பளிச், பாட்டி முகம் வெறும் நிழல். அந்தக் காட்சி இனி அடுத்த வருஷம்தான். அதுவும் நிச்சயமில்லை.

என்ன நடந்தது?

கேமராவுக்குப் பாட்டியைத் தெரியாது, வெளிச்சம் மட்டும்தான் தெரியும். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரமான சாம்பல் நிற அளவுக்குக் கொண்டுவரவே பார்க்கும். பின்னால் வெயில் வானமோ வெள்ளை வேட்டிக் கூட்டமோ இருந்தால், ‘வெளிச்சம் அதிகம்’ என்று மொத்தப் படத்தையும் குறைத்துவிடும். இருண்ட கல் மண்டபம் என்றால் நேரெதிர்: மல்லிகை மாலை சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிடும்.

என்ன செய்யலாம்?

முதலில் இடம். பிற்பகலில் சூரியன் மேற்கே சாயும். அதை உங்கள் முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அடுத்து, திரையில் முகத்தைத் தொடுங்கள். ஃபோகஸும் எக்ஸ்போஷரும் அங்கே வந்துவிடும். ஐபோனிலும் பல ஆண்ட்ராய்டு போன்களிலும் அழுத்திப் பிடித்தால் இரண்டும் லாக் ஆகும். பல்லக்கு வரும் தூரத்தில் நிற்கும் ஒருவர் மேல் முன்கூட்டியே லாக் செய்துவிட்டுக் காத்திருக்கலாம். கடைசி நொடியில் போன் ஃபோகஸ் தேடித் தடுமாறாது.

அசைவு இருந்தால் புரோ மோடில் ஷட்டர் வேகம் 1/500 நொடி வையுங்கள். வெயிலில் அதற்கு வெளிச்சம் தாராளம். ரங்கநாதன் தெரு மாதிரி நிழல் சந்தில் அந்த வேகத்துக்கு ஐஎஸ்ஓ ஏறும், கொஞ்சம் புள்ளி விழும். பரவாயில்லை. புள்ளி விழுந்த படத்தில் ஆள் தெரிவார், கலங்கிய படத்தில் தெரியமாட்டார்.

ஆனால் ஒரு விஷயம்

முகத்தைத் தொட்டதும், கருத்த முகத்தையும் அதே சாம்பல் அளவுக்கு போன் வெளுக்க வைக்கும். இது பழைய கதை. ஃபிலிம் காலத்தில் கோடக் நிறுவனத்தின் நிறச் சரிபார்ப்பு அட்டைகளில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்தான் அளவுகோல். 2021-ல் பிக்சல் 6 போனோடு கூகுள் ‘ரியல் டோன்’ கொண்டுவந்தது, கருத்த சருமத்தை உள்ளபடி காட்டத்தான். போன் நிறுவனங்கள் திருந்தும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தொட்டதும் தோன்றும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள், பியூட்டி மோடை அணையுங்கள். முகம் வெளுத்தால் அது ‘நல்ல படம்’ இல்லை. பாட்டி, பாட்டி மாதிரியே இருந்தால்தான் நல்ல படம்.

இதைத் திருவிழா அன்று கற்றுக்கொள்ள முடியாது. இந்த ஞாயிறு மாலை பெசன்ட் நகர் பீச்சில் பத்து நிமிஷம் பழகிப் பாருங்கள். கை பழகிவிட்டால் அடுத்த பங்குனியில் கண் பாட்டி மேல் இருக்கும், போன் மேல் இருக்காது.