மார்கழிக் காலையும் ஸ்கூட்டியும்



மார்கழி மாதம், விடிய ஐந்தரை மணி. இடியப்பப் பார்சல்களைக் கடைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்து பிள்ளையைப் பாடசாலையில் விட வேண்டும். ஸ்கூட்டியோ ஸ்ராட் ஆக மறுக்கிறது. அவசரத்தில் அக்சிலேற்றரை முறுக்கியபடியே கிக்கரை மிதிக்கிறோம். திடீரென எஞ்சின் பிடித்து, வண்டி முன்னால் பாய்கிறது. விழுந்து கை முறிந்தால் அந்த மாத உழைப்பே போய்விடும். "பெண்களுக்கு வண்டி எதற்கு?" என்ற பேச்சையும் கேட்க வேண்டிவரும்.

பிழை உங்களுடையது மட்டுமல்ல. குளிர்ந்த வண்டியின் குணம் வேறு. இது நமக்குப் புதிதுமல்ல. 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறிய பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம்.

பெற்றோலும் குளிரில் நன்றாக ஆவியாவதில்லை. எஞ்சின் நின்றுவிடாமலிருக்கச் சோக் கூடுதல் பெற்றோலைக் கொடுக்கிறது. புதிய வண்டிகளில் இது தானாகவே நடக்கும். அப்போது எஞ்சின் வழமையைவிட வேகமாகச் சுழலும்.

ஸ்கூட்டியில் நாம் கியர் மாற்றுவதில்லை. திருவிழா இராட்டினம் வேகமாகச் சுற்றும்போது ஆசனங்கள் வெளியே விரிவதைப்போல, எஞ்சின் வேகம் கூடும்போது கிளச்சின் கட்டைகள் விரிந்து, சுற்றியுள்ள கிண்ணத்தைப் பற்றிக்கொள்ளும். உடனே பின்சில்லு உருளும். குளிர்ந்த எஞ்சின் வேகமாகச் சுழல்வதோடு நாமும் அக்சிலேற்றரை முறுக்கினால் வண்டி பாயத்தானே செய்யும்?

யாழ்ப்பாணத்தில் மார்கழியிலும் வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது. கனடாவில் உள்ள நம் உறவினருக்கோ -20 பாகைக் குளிரும் வரும். அங்கே ஓட்டோமற்றிக் கார்களின் கியர் ஒயில் தடித்துவிடுவதால் கியர் தாமதமாகவும் உதறலோடும் மாறும். ஒயில் சூடேறும்வரை அவர்கள் மெதுவாகவே ஓட்டுவார்கள். குளிரின் அளவு வேறு, பாடம் ஒன்றுதான்.

நாம் செய்ய வேண்டியவை:

1. வண்டியை நடு ஸ்ராண்டில் நிறுத்தி, பின் பிறேக்கைப் பிடித்தபடியே ஸ்ராட் செய்யுங்கள்.

2. கிக்கரை மிதிக்கும்போது அக்சிலேற்றரை முறுக்காதீர்கள். சோக்கைக் கையால் இழுக்கும் வண்டியாயின், சூடேறியதும் மறக்காமல் உள்ளே தள்ளிவிடுங்கள்.

3. ஒரு நிமிடம் பொறுங்கள். சத்தம் தணிந்த பின்னர், பிறேக்கைப் பிடித்தபடி ஸ்ராண்டிலிருந்து இறக்குங்கள். முதல் சில நூறு மீற்றர்கள் மெதுவாகச் செல்லுங்கள்.

4. மழை என்று பூட்டிய அறைக்குள் வண்டியை ஸ்ராட் செய்யாதீர்கள். புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை. அது ஆளைக் கொல்லும்.

5. சூடேறிய பிறகும் வண்டி பாய்ந்தால், அல்லது பிறேக்கை விட்டதும் தானே நகர்ந்தால், கராஜில் காட்டுங்கள். மெக்கானிக்கிடம் "காலையில் மட்டுமா, எப்போதுமா" என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். தேவையற்ற செலவு குறையும்.

வீட்டுச் சுமையை இழுக்கும் வண்டி அது. அதற்குக் காலையில் ஒரு நிமிடம் கொடுப்போம். ஸ்கூட்டி பழகும் அயல்வீட்டுத் தங்கைக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.