யானைக்கு ஓய்வு உண்டு, அப்பாவுக்கு இல்லை

2023 மார்ச்சில் ஆனைமலையின் கோழிகமுத்தி முகாமில் கலீம் என்ற கும்கி யானைக்குப் பணி ஓய்வு கொடுத்தார்கள். அறுபது வயது. காட்டு யானைகளை விரட்டவும் பிடிக்கவும் 99 முறை களத்தில் இறங்கிய யானை. வனத்துறையினர் வரிசையில் நின்று அணிவகுப்பு மரியாதை செய்தார்கள். கலீமுக்கு அது தகும். என்னைப்போல் மலசர் பழங்குடி வீட்டில் பிறந்த எவளும் ஒரு யானைக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்து வயிறு எரியமாட்டாள். ஆனால் என் அப்பாவுக்கு எப்போது ஓய்வு? அவருக்கு ஓய்வே கிடையாது. அரசாங்கக் கணக்கில் அவர் இன்னும் வேலைக்கே சேரவில்லை!

அப்பா வேட்டைத் தடுப்புக் காவலர். எந்தச் சரகம் என்று சொல்லப்போவதில்லை. நாளைக்கு அவரைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே தற்காலிகமாகச் சேர்த்தார்கள். பட்டம் வாங்கி வந்தபோதும் தற்காலிகம்தான். அரிசியையும் பருப்பையும் தோளில் சுமந்து உள்காட்டு முகாமுக்குப் போனால், வீடு திரும்பும் நாள் அவர் கையில் இல்லை. கோடையில் தீத்தடுப்புக் கோடு வெட்ட வேண்டும். மழையில் அட்டைக்கடியோடு ரோந்து போக வேண்டும். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் புலிக் கணக்கெடுப்பில் வரிசைக்கு முன்னால் நடப்பவர் அவர். மிதிபட்ட புல்லைப் பார்த்து எத்தனை யானை, குட்டி உண்டா, எப்போது தாண்டியது என்று சொல்லிவிடுவார். பின்னால் வருபவர் அதைச் செல்போன் செயலியில் ஏற்றுவார். ஏற்றிய பிறகு அது தரவு, அறிவியல். அப்பா வாயிலிருந்து வந்தபோது அது வெறும் பேச்சு.

ஏன் நிரந்தரமாக்கவில்லை என்று கேட்டால் படிப்பில்லை என்கிறார்கள். சரி, படிப்பைப் பேசுவோம். வனக்காப்பாளர் தேர்வு எழுத வேண்டுமென்றால் பிளஸ் டூவில் அறிவியல் பாடம் படித்திருக்க வேண்டும். மலையில் எங்களுக்குக் கிடைத்த பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு மேல் கிடையாது. பத்தாம் வகுப்புக்கே அறிவியல் வாத்தியார் பாதி வருஷம் வரமாட்டார். உயிரியல் படிக்க மலையிறங்கி, விடுதியில் இடம் பிடித்து, 'காட்டாளுக' என்ற கேலியைக் கேட்டுக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்ட வேண்டும். எங்கள் பையன்களில் பலர் முதல் தீபாவளிக்கு ஊர் வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. அவர்களைச் சோம்பேறி என்று சொல்வீர்கள். வாத்தியாரை அனுப்பாததும் நீங்கள், அந்த வாத்தியாரிடம் படித்திருக்க வேண்டும் என்று விதி எழுதியதும் நீங்கள்.

நடைத்தேர்வு ஒன்று உண்டு. ஆண்கள் நான்கு மணி நேரத்தில் 25 கிலோமீட்டர் நடக்க வேண்டும். இதைச் சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். ஆனால் அந்த நடைக்கு வருவதற்கு முன்னால் எழுத்துத் தேர்வு என்ற கதவு நிற்கிறதே, அங்கேயே எங்களை நிறுத்திவிடுகிறீர்கள். அந்தக் கதவைத் தாண்டியவன் சமவெளியிலிருந்து புதுச் சீருடையோடு வருவான். எது யானைத்தடம், எது மாட்டுத்தடம், எந்த ஓடையைப் பொழுது சாய்ந்த பிறகு தாண்டக்கூடாது என்று அப்பாதான் கற்றுக்கொடுப்பார். அவனுக்கு என் வயதுகூட இருக்காது. அவன் அப்பாவை "வாப்பா, போப்பா" என்பான். அப்பா அவனைச் "சார்" என்பார்.

தமிழ்நாட்டில் பழங்குடிகளுக்கு இடஒதுக்கீடு ஒரு சதவீதம். 2011 கணக்கெடுப்பில் நாங்கள் மாநில மக்கள்தொகையில் 1.1 சதவீதம், ஆகவே கணக்கு சரிதான் என்பார்கள். தலைமைச் செயலகத்து நாற்காலிக்கு வேண்டுமானால் சரியாக இருக்கட்டும். நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கிடக்கும் காட்டுக்குள்ளும் நூற்றுக்கு ஒன்றுதானா? எப்போதாவது பழங்குடி இளைஞர்களுக்கென்று சிறப்பு ஆள்சேர்ப்பு நடக்கும். அதுவும் ஏணியின் கடைசிப் படிக்கு. அதற்கும் சாதிச் சான்று வேண்டும். சான்று கேட்டுப் போனால், நீ பழங்குடிதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டு வருஷக்கணக்கில் அலையவிடுகிறார்கள். புலி தப்பிய ராத்திரியில் தடம் பார்க்கக் கூப்பிடும்போது மட்டும் எங்களிடம் யாரும் சான்று கேட்பதில்லை.

இது நேற்று வந்த வழக்கமல்ல. ஆனைமலையில் டாப்ஸ்லிப்புக்குச் சுற்றுலா வருகிறவர்கள் வெள்ளைக்கார வன அதிகாரி ஹ்யூகோ வுட் துரையின் கல்லறையைப் பார்க்கிறார்கள். வெட்டி மொட்டையாகிக் கிடந்த மலையில் கைத்தடியால் குழி குத்தித் தேக்கு விதை போட்டுக் காட்டை மீட்டவர் என்று கதை சொல்கிறார்கள். நல்ல மனிதராகவே இருந்திருக்கலாம். ஆனால் ஒரு கைத்தடியால் ஒரு மலை முழுக்கத் தேக்கு முளைக்குமா, சொல்லுங்கள். குழி வெட்டியவர்கள், களை எடுத்தவர்கள், யானையை வைத்து மரம் இழுத்தவர்கள் காடர்களும் மலசர்களும். அவர்களில் ஒருவருக்காவது கல்லறை வேண்டாம், ஒரு பெயர்ப்பலகை உண்டா?

துரைகள் போனார்கள், காக்கி போகவில்லை. 1992 ஜூன் 20, வாச்சாத்தி. சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று ஒரு மலையாளிப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்களை நாசமாக்கினார்கள். 2011இல் தர்மபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதில் 126 பேர் வனத்துறையினர். 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருஷம்! வாச்சாத்தி எங்கள் ஊருமல்ல, எங்கள் இனமுமல்ல. ஆனால் ஜீப் சத்தம் கேட்டால் அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடிய பாட்டிகள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். 'பழங்குடிப் பெண்கள் ஏன் வனத்துறைப் பணிக்கு ஆர்வம் காட்டுவதில்லை' என்று ஒரு கூட்டத்தில் மேடையிலிருந்து ஒருவர் வியந்தார். எனக்கு எழுந்து நின்று கத்த வேண்டும்போல் இருந்தது.

இந்திய வனப்பணிக்குள் பெண்களை எடுக்கவே 1980 ஆயிற்று. எங்கள் பெண்களுக்கு இன்னும் எத்தனை காலமோ. நான் பட்டம் வாங்கினேன். வேலை கிடைத்தது, 'கள உதவியாளர்' என்று. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். ஆராய்ச்சி செய்ய நகரத்திலிருந்து வருகிறவர்கள் கெட்டவர்களல்ல, அன்பாகத்தான் பேசுவார்கள். கேமரா எந்த மரத்தில் கட்டினால் சிறுத்தை விழும் என்று கேட்பார்கள், சொல்வேன். எந்தக் காய் எந்த மாதம், எந்தப் பறவை எந்தப் பொந்தில் என்பதையும் சொல்வேன். கட்டுரை ஆங்கிலத்தில் வரும். கடைசிப் பக்கத்தில் 'உள்ளூர் உதவியாளர்களுக்கு நன்றி' என்று இருக்கும். எனக்குப் பெயர் இல்லையா? அந்தப் பறவைக்குக்கூட இரண்டு பெயர், ஒன்று லத்தீனில்.

சலுகை கேட்கிறோம் என்று நினைக்க வேண்டாம். 2006இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வன உரிமைச் சட்டம், வரலாற்று அநீதி நடந்தது என்று முகப்பிலேயே ஒப்புக்கொள்கிறது. காட்டையும் காட்டுயிரையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு அதன் ஐந்தாம் பிரிவு கொடுக்கிறது. தமிழ்நாட்டில் அந்த உரிமைப் பத்திரங்கள் நீதிமன்றத் தடையில் 2016 வரை முடங்கிக் கிடந்தன. சட்டப்படி காவலர் நாங்கள். நடைமுறையில் கூலியாட்கள். எங்கள் கிராம சபையைக் கேட்டு ஒரு செக்போஸ்ட் வைத்தீர்களா, ஒரு சுற்றுலா விடுதி கட்டினீர்களா? 2022இல் எங்களைத் தனியார் ஏஜென்சி மூலம் வேலைக்கு எடுக்கப்போவதாகப் பேச்சு எழுந்தபோது தெருவில் உட்கார்ந்த பிறகுதான் எங்கள் முகம் உங்களுக்குத் தெரிந்தது.

காட்டு வேலைக்குக் காட்டை வைத்துத் தேர்வு வையுங்கள். தடம் பார்க்கச் சொல்லுங்கள், தீ எந்தப் பக்கம் திரும்பும் என்று கேளுங்கள், மதயானை எதிரில் வந்தால் ஆளை எப்படிப் பத்திரமாக வெளியே கொண்டுவருவாய் என்று கேளுங்கள். அதில் எங்கள் பிள்ளைகள் தோற்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். பத்து வருஷம் முகாமில் கிடந்தவருக்கு அந்த வருஷங்களையே படிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். மலைப்பள்ளியில் ஒரு அறிவியல் பிரிவைத் திறந்து வாத்தியாரையும் அங்கேயே குடியிருக்க வையுங்கள்.

தம்பி அப்பாவிடமிருந்து எல்லாவற்றையும் கற்றவன். இரண்டு முறை விண்ணப்பித்துப் பார்த்துவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். போன கணக்கெடுப்பின்போது தடம் பார்க்க ஆள் வேண்டுமென்று சரகத்திலிருந்து அவனுக்குப் போன் வந்தது. லீவு கிடையாது என்று வைத்துவிட்டான். அப்பாவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது, கம்பெடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். விடவில்லை. அந்தப் பாதையை நான்தான் நடந்து முடித்தேன். படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் ஜீப்பிலேயே இருந்தார்.