அடுப்படிப் புகைக்குத் திட்டம் எங்கே?

பேராவூரணி வட்டாரத்தில் அடுப்பெரிக்கப் பஞ்சமில்லை. தோப்பில் விழும் தென்னை மட்டையும் பாளையும் பன்னாடையும் கூலி வேலை செய்வோர் வீட்டுக்குக் காசில்லாமல் கிடைக்கின்றன. அதற்கான விலையைப் பெண்களின் மூச்சு கொடுக்கிறது.

வீட்டு அடுப்புப் புகையால் 2020-ல் உலகில் சுமார் 32 லட்சம் பேர் மாண்டனர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. இப்புகையிலுள்ள கரித்துகள் பூமியின் சூட்டையும் கூட்டுகிறது.

மத்திய சர்க்கார் 2019-ல் தேசியத் தூய காற்றுத் திட்டத்தைத் தொடங்கியது. பட்டியலில் இடம் பெற்றவை நகரங்களே. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி உண்டு, பேராவூரணி இல்லை.

ஏழைப் பெண்களுக்கு முன்பணமின்றிச் சமையல் வாயு இணைப்புத் தரும் உஜ்வலா திட்டம் 2016-ல் வந்தது. 2023 அக்டோபர் முதல் சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியமும் உண்டு. ஆனால், முழு விலையையும் கொடுத்த பிறகே மானியம் வங்கிக்கு வருகிறது. அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்துகிறவள் அத்தனை பணத்துக்கு எங்கே போவாள்? 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்தபோது தோப்பு வேலையும் சாய்ந்தது. இப்படிக் கையில் காசு வற்றும்போதெல்லாம் சிலிண்டர் மூலைக்குப் போகும். மட்டை அடுப்புக்கு வரும்.

இணைப்புகளை எண்ணினால் போதாது. எத்தனை வீட்டில் அடுத்த சிலிண்டர் வாங்கினார்கள் என்று பார்க்க வேண்டும். மானியத்தை விலையிலேயே கழித்து, 5 கிலோ சிலிண்டரை ஊர்தோறும் கிடைக்கச் செய்தால் பாதிச் சுமை இறங்கும்.

நுரையீரலுக்கு நகரம், கிராமம் என்ற பேதமில்லை. திட்டத்துக்கு மட்டும் அது ஏன்?