நெல்லுக்கு மழையளவைவிட மழைக்காலமே முக்கியம்

கடந்த 2022-இல் மழைப் பற்றாக்குறையால் நெல் நடவு பாதிக்கப்பட்டதைத் தொடர்ந்து, ஜார்க்கண்ட் அரசு 226 வட்டாரங்களை வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. எனினும், மொத்த மழையளவு மட்டுமே விளைச்சலைத் தீர்மானிப்பதில்லை.

தூர்கட்டும் பருவத்தில் நீர் குறைந்தால், பயிர் இலைகளைச் சுருட்டி, இலைத்துளைகளை மூடி ஈரத்தைக் காக்கும். பின்னர் மழை பெய்தால் ஓரளவு மீளும். பூக்கும் பருவத்தில் அந்த வாய்ப்பு இல்லை. மகரந்தச் சேர்க்கை தடைபட்டு, கதிர் முழுமையாக வெளிவராமல் மணிகள் பதராகும். நடவு தாமதமானால், பருவமழை விலகிய பிறகே பயிர் பூக்கும், இழப்பும் கூடும்.

ஹசாரிபாக் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கி, 2010-இல் வெளியான 'சஹபாகி தான்' குறுகிய கால, வறட்சி தாங்கும் ரகமாகும். ஆயினும் விதை மட்டும் போதாது. பூக்கும் தருணத்தில் ஒருமுறையேனும் பாய்ச்சப் பண்ணைக்குட்டை நீரும், அக்கால மழை இடைவெளியைக் கணக்கில் கொள்ளும் நிவாரணமும் விவசாயிகளுக்கு அவசியம்.