302 என்றால் என்ன?



2025 நவம்பர் 24ஆம் தேதி டுரியான் துங்காலில் போலீஸ் சுட்டதில் நம்மவர் மூவர் இறந்தனர். முதலில் அது 307ஆவது பிரிவின் கீழ் விசாரிக்கப்பட்டது. டிசம்பரில் சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் அதை 302ஆவது பிரிவுக்கு மாற்றியது. "302க்கு மாற்றம்" என்று பத்திரிகைகள் எழுதின. வழக்கறிஞர்களாகிய நாங்களும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தோம்.

அப்போது தோட்டத்து அம்மா ஒருவர் என்னிடம் கேட்டார்: "307 பெரிய நம்பர், 302 சின்ன நம்பர். அப்போ கேஸைக் குறைச்சிட்டாங்களா லாயர் தம்பி?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. 307 என்பது கொலை முயற்சி. இறந்தவர்கள் போலீஸ்காரரைக் கொல்லப் பார்த்தார்கள் என்ற கோணம் அது. 302 என்பது கொலை. அவர்களைச் சுட்டது கொலையா என்று பார்க்கும் கோணம். யாரும் குற்றவாளி என்று முடிவாகவில்லை. ஆனால் விசாரணை பார்க்கும் திசையே மாறியது. இவ்வளவு பெரிய செய்தியை வெறும் எண்ணாகச் சொன்னால் மக்களுக்கு எப்படிப் புரியும்?

புரியாமல் போனால் நஷ்டம் நமக்குத்தான். போலீஸ் நிலையத்தில் "112 வாக்குமூலம்" என்று கூப்பிடுவார்கள். நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்வதுதான் அது. கையெழுத்துப் போடுமுன், நீங்கள் எந்த மொழியில் சொன்னீர்களோ அதே மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும், திருத்தவும் வாய்ப்புத் தர வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது அரசியலமைப்புச் சட்டத்தின் 5(3). புரியாதபடி சொல்வது சொல்லாததற்குச் சமம்.

போலீசை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "இன்குவெஸ்ட்" என்கிறோம், ஒருவர் எப்படி இறந்தார் என்று நீதிமன்றம் விசாரிப்பது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? "என்.எப்.ஏ." என்கிறோம், மேல் நடவடிக்கை இல்லை என்று சொல்ல நாக்கு வலிக்குமா? இங்கிலாந்தில் 1999இலேயே சிவில் வழக்குகளில் பழைய லத்தீன் சொற்களைக் குறைத்தார்கள். நாம் இன்னும் கறுப்புக் கோட்டோடு சொற்களையும் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

ஆகவே வாசகர்களே, கூட்டத்தில் எங்களில் யாராவது புரியாத சொல் பேசினால் கை தூக்குங்கள். "எங்க பாஷையிலே சொல்லுங்க" என்று கேளுங்கள். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல, உங்கள் உரிமை.