தைபே பியரின் சுவையும் வீதியைப் பிடித்திருப்பவர்களும்

ரின்னில் அடைத்து விற்கப்படும் கைவினை பியர் ஒன்றுக்குப் புள்ளி போடத் தெரிந்தவர்கள் முதலில் அதைக் குடித்துப் பார்ப்பதில்லை. ரின்னைக் கவிழ்த்து, அடியில் அச்சிட்டிருக்கும் திகதியைத் தேடுவார்கள். ஹொப்ஸ் தூக்கலாகப் போட்ட ‘ஐ.பி.ஏ.’ வகை என்றால் இது கட்டாயம். அடைத்து ஒரு மாதம் ஆகியிருந்தால் நம்பி வாங்கலாம். பல மாதம் வெளியே கிடந்த ரின் என்றால், எவ்வளவு பெயர்பெற்ற தொழிற்சாலையுடையதாக இருந்தாலும் அரைவாசிப் புள்ளி அப்போதே போய்விடும்.

காரணம் ஹொப்ஸின் குணம். குளிர் நாடுகளில் வளரும் ஒரு கொடியின் பூ அது. கொதிக்கும்போது தொடக்கத்தில் போட்டால் கசப்பைத் தரும். கடைசியிலோ, ஆறிய பிறகோ போட்டால் மணத்தைத் தரும். தோடம்பழத் தோல், மாம்பழம், பைன் பிசின் என்று சுவைப்பவர்கள் அடுக்குகிற வாசனைகள் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன. கசப்பு ஓரளவு தாக்குப்பிடிக்கும். மணம் தாக்குப்பிடிக்காது. ஒட்சிசன் அதை மங்கவைத்துப் பியருக்கு மட்டையின் வாசத்தைக் கொடுத்துவிடும். வெயில் பட்டால் ஹொப்ஸின் கசப்புப் பொருளே சிதைந்து கெட்ட நாற்றம் எடுக்கும். வெள்ளைப் போத்தலும் பச்சைப் போத்தலும் இதற்கு எளிதில் இடம்கொடுக்கும். ரின் வெளிச்சத்தை முழுதாக மறைக்கும் என்பதால்தான் சிறு உற்பத்தியாளர் பலர் போத்தலைக் கைவிட்டு ரின்னுக்கு மாறினார்கள்.

ஆனால் ரின்னாலும் சூட்டை மறைக்க முடியாது. பியர்த் தொழிலில் ‘3-30-300’ என்று ஒரு கணக்கு உண்டு. 32 பாகை செல்சியஸில் 3 நாள், 22 பாகையில் 30 நாள், 3 பாகையில் 300 நாள். இந்த மூன்றும் பியரின் சுவைக்குச் செய்யும் கெடுதல் ஏறக்குறைய ஒன்றுதான். துறைமுகத்தில் வெயிலில் நிற்கும் ஒரு கொள்கலன், மூன்றே நாளில் பத்து மாதத்துக் கிழட்டுத்தனத்தைப் பியருக்குக் கொடுத்துவிடும்.

இந்தக் கணக்கை மேற்குக்கரைக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம்.

ரமல்லாவுக்கு வடகிழக்கே மலைமேல் தைபே என்ற சிறிய கிறிஸ்தவக் கிராமம் இருக்கிறது. ஒஸ்லோ உடன்பாட்டுக்குப் பின்னர், 1994இல், அமெரிக்காவின் பொஸ்ரனில் வாழ்ந்துவிட்டு ஊர் திரும்பிய நடிம் கூரியும் சகோதரர் டேவிட்டும் அங்கே ஒரு பியர் தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். சமாதானம் வரும், நாடு வரும், நாட்டுக்குச் சொந்தமாக ஒரு பியரும் இருக்கட்டும் என்ற கணக்கு அது. 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு வெளிநாட்டில் உழைத்த பணத்தோடு யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் வந்து தொழில் தொடங்கியவர்களுக்கு அந்தக் கணக்கை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அவர்கள் கேட்ட நாடு வரவில்லை. பியர் வந்தது. இரண்டாம் இன்டிஃபாதாவின்போது வீதிகள் அடைபட்டு விற்பனை விழுந்தது. 2006இல் ஹமாஸ் தேர்தலில் வென்ற பிறகு மதுசாரம் இல்லாத வகையொன்றையும் தயாரிக்கத் தொடங்கினார்கள். இன்று நடிமின் மகள் மதீஸ் தொழிற்சாலையை நடத்துகிறார். ஜேர்மனியின் 1516ஆம் ஆண்டுத் தூய்மைச் சட்டத்தைப் பின்பற்றுவதாகவும், கெடாமல் வைத்திருக்கும் இரசாயனம் எதுவும் சேர்ப்பதில்லை என்றும் சொல்கிறார்கள். ருசிக்கு அது பெருமை. பயணத்துக்கு அதுவே பலவீனம்.

மோல்ட்டும் ஹொப்ஸும் ஐரோப்பாவிலிருந்து வரவேண்டும். பலஸ்தீனத்துக்கென்று துறைமுகம் இல்லை. இறக்குமதியும் ஏற்றுமதியும் இஸ்ரேலியத் துறைமுகங்கள் வழியாகவே நடக்கின்றன. 1994ஆம் ஆண்டுப் பரிஸ் நெறிமுறை சுங்கத்தையும் இஸ்ரேலின் கையிலேயே விட்டது. ஏற்றுமதிச் சரக்கைப் பலஸ்தீன லொறியில் கொண்டுவந்து கடவையில் இறக்கி, சோதனை முடிந்த பின் இஸ்ரேலிய லொறியில் மறுபடி ஏற்ற வேண்டும். முகமாலையிலும் ஓமந்தையிலும் இறக்கி, குத்திப் பார்த்து, மறுபடி ஏற்றிய மூட்டைகளை நாங்கள் மறக்கவில்லை. 2006 ஓகஸ்டில் ஏ-9 மூடப்பட்டபோது தோட்டத்தில் கிடந்த வெங்காயத்துக்கு என்ன நடந்தது என்பதும் நினைவிருக்கிறது. அந்த வெங்காயத்தை யாரும் கைப்பற்றவில்லை, எரிக்கவுமில்லை. போகவிடவில்லை, அவ்வளவுதான். பழுதாகும் பொருளைச் செய்பவனைத் தோற்கடிக்கக் காலம் ஒன்றே போதும்.

இந்த இடத்தில்தான் சுவைத்துப் புள்ளி போடும் முறை எனக்கு இடறுகிறது. புள்ளித்தாளில் மணம், தோற்றம், சுவை, வாயில் நிற்கும் தன்மை என்று பிரிவுகள் உண்டு. பழமை ஏறியிருந்தால் எல்லாப் பிரிவிலும் குறையும். அந்தக் குறை உற்பத்தியாளரின் குறையாகவே எழுதப்படும். பெரும்பாலான நாடுகளில் அது நியாயம். குளிரில் வைக்காததும், மெதுவாக விற்றதும், மோசமான முகவரைப் பிடித்ததும் அவருடைய பிழைதான். ஆனால் தன் வீதியைத் தானே திறக்கவோ மூடவோ முடியாத ஒருவரின் பியரில் இருக்கும் மட்டை வாசத்தில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு கடவையினுடையது?

ஐ.பி.ஏ. என்ற பெயருக்குள்ளேயே ஒரு கேலி இருக்கிறது. ‘இந்தியா பேல் ஏல்’ என்பது அதன் விரிவு. இங்கிலாந்திலிருந்து ஆபிரிக்காவைச் சுற்றிப் பல மாதம் கப்பலில் வந்து இந்தியாவிலிருந்த வெள்ளையர்களுக்கு விற்கப்பட்ட பியர் அது. அக்கால ஹொப்ஸ் பயணத்தைத் தாங்குவதற்காகவே அள்ளிப் போடப்பட்டது. கடலும் துறைமுகமும் சுங்கமும் குடிப்பவரின் அரசின் கையிலேயே இருந்தன. இன்று அதே பெயரில் வரும் பியர் மணத்துக்காகச் செய்யப்படுவதால் பயணத்தைத் தாங்குவதில்லை. பயணம் தடையில்லாமல் இருப்பவருக்கே அது வாய்க்கிறது.

இதற்காகத் தைபே பியருக்கு இரக்கப் புள்ளி போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் பெயர்பெற்ற பொன்னிற வகை அமெரிக்க ஐ.பி.ஏ. போல ஹொப்ஸ் தூக்கலானது அல்ல. அதைப் பியராகவே சுவைத்துச் சொல்ல வேண்டும். ‘பலஸ்தீனத்துக்காக’ ஒரு போத்தல் வாங்குபவர் இரண்டாவது போத்தல் வாங்குவது ருசிக்காகத்தான். ஊர்ப் பாசத்தில் ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒருமுறை வாங்கிய பனங்கட்டியும் ஒடியல் மாவும், பொதி ஈரமாக இருந்த காரணத்தால் இரண்டாம்முறை தட்டிலேயே கிடந்ததைப் பார்த்திருக்கிறோம். அனுதாபம் ஒரு சந்தை அல்ல. ஆனால் நேர்மையான தீர்ப்பு என்றால், சரக்கு எத்தனை நாள் எங்கே நின்றது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மதுவைப் பற்றி இப்படி எழுதுவது சிலருக்கு உறுத்தலாம். 2009க்குப் பிறகு எங்கள் கிராமங்களில் மதுக்கடைகள் பெருகியதும், அதனால் பெண்கள் படும் பாடும் தெரியாமல் எழுதவில்லை. தைபேயில் கேள்வி வேறு. தன் மண்ணில் ஒருவர் ஒன்றைச் செய்து, நல்ல நிலையில் வெளியே அனுப்ப முடியுமா என்பதே அங்கே கேள்வி. அதைப் பனங்கள்ளிலும் கேட்கலாம். காலையில் இறக்கிய கள்ளு மாலைக்குள் புளித்துவிடும். முட்டிக்குச் சுண்ணாம்பு தடவினால் கருப்பணி கிடைக்கும், கள்ளு கிடைக்காது. ஹொப்ஸ் மணத்துக்கு மாதக் கணக்கு என்றால் கள்ளுக்கு மணிக்கணக்கு.

தைபேயில் இப்போது வீதிக்கு முன்னால் தண்ணீரே பிரச்சினை. பியரில் பத்தில் ஒன்பது பங்கும் தண்ணீர்தான். தொழிற்சாலைக்கு வருவது ஐன் சாமியா ஊற்று நீர். அந்த ஊற்றருகே வாழ்ந்த பெதுயின் குடும்பங்கள் 2023 மே மாதம் குடியேற்றவாசிகளின் தொல்லை தாங்காமல் இடம்பெயர்ந்தன. 2025 ஜூலையில் ஐன் சாமியா கிணறுகள் தாக்கப்பட்டுப் பல ஊர்களின் விநியோகம் பாதிக்கப்பட்டது. அதே மாதம் தைபேயில் 5ஆம் நூற்றாண்டுத் தேவாலய இடிபாடுகளை ஒட்டிக் குடியேற்றவாசிகள் தீ வைத்தார்கள் என்று கிராமத்தின் குருக்கள் குற்றம் சாட்டினார்கள். தேவாலயத்துக்குச் சேதம் இல்லை என்றது இஸ்ரேலியப் பொலிஸ். ஜெருசலேம் மதத் தலைவர்கள் வந்து பார்த்தார்கள், அமெரிக்கத் தூதுவரும் வந்தார். அவர் போன பிறகு, மாத முடிவுக்குள், ஊருக்குள் வாகனங்கள் எரிந்தன.

மோல்ட்டையும் ஹொப்ஸையும் தாமதமாகவாவது இறக்குமதி செய்யலாம். ஊற்றை இறக்குமதி செய்ய முடியாது. அடுத்தமுறை வெளிநாட்டுக் கடையொன்றில் தைபே போத்தலைக் காண்பவர் திகதியைப் பார்க்கட்டும். பழசாக இருந்தால் ‘பழசு’ என்றே சொல்லட்டும். கூடவே, கொள்கலன் எந்தத் துறைமுகத்தில் எத்தனை நாள் நின்றது என்று இறக்குமதியாளரிடம் கேட்டு, அந்த எண்ணையும் புள்ளிக்குப் பக்கத்தில் எழுதட்டும்.